பெயர்ப்பலகை பிடித்த பிள்ளை

எனக்குத் தொண்டை பெரிது. பெருமைக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த ஒரே தகுதி அதுதான். ஓட வராது. உயரம் பாய வராது. குண்டெறிந்தால் என் காலடியிலேயே விழும். ஆனால் பிள்ளைகளை நிறத்துக்கொரு இல்லமாகப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிட்டால் பச்சை இல்லத்துக் கொட்டகையில் ஒரு கதிரையின் மேல் என்னைத்தான் ஏற்றிவிடுவார்கள். "கோப்பை ஆருக்கு?" என்று நான் கத்த வேண்டும். "எங்களுக்கு" என்று கீழே நிற்கிற இல்லம் முழுவதும் கத்தும். பால்மா வந்த தகர ரின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவார்கள். பச்சை இல்லம் பெரும்பாலும் மூன்றாவதாக வரும், சில வருடம் கடைசியாகவும் வரும். அதற்காக நாங்கள் கத்தலைக் குறைத்துக்கொண்டதில்லை. அடுத்த நாள் எனக்குக் குரலே இருக்காது. அம்மா கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தருவா. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

பிழைப்பதற்கென்று நாங்கள் வந்து சேர்ந்த இடத்தில் அந்த வாய்தான் முதலில் அடைத்துக்கொண்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பா எங்களுக்கு முன்பே சுவிஸுக்கு வந்து, லாங்கன்தாலிலிருந்து ரயிலில் சிறிது தூரம் போனால் வரும் ஒரு சிற்றூரில், ஓர் உணவுவிடுதிக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவும் நானும் வந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. அந்த ஊரில் எங்களைத் தவிர, அப்பாவோடு அதே குசினியில் வேலை செய்த மூன்று தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். என் வயதில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அம்மா என்னை வெள்ளைச் சீருடையில்தான் அனுப்பினா. பெட்டியில் ஒரு குளிர்ச்சட்டைக்கு இடமில்லாமல் போனாலும் அந்தச் சீருடைக்கும் கழுத்துப் பட்டிக்கும் இடம் இருந்தது. "எங்கை போனாலும் பள்ளிக்கூடம் வெள்ளைதானே" என்பது அம்மாவின் வாதம். மடிப்புக் கலையாமல் அழுத்தி, இரட்டைப் பின்னலை மடித்துக் கறுப்பு ரிபன் கட்டி விட்டா. வகுப்புக் கதவைத் திறந்தேன். எல்லோரும் நீலக் காற்சட்டையும் கம்பளிச் சட்டையுமாக இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏதோ தேவாலயச் சடங்குக்குப் போகிற வழியில் தவறி நுழைந்தவளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார்கள். அன்று பின்னேரமே சீருடை பெட்டிக்குள் திரும்பிப் போய்விட்டது.

வந்த சில கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நாள். வகுப்புக்கு வகுப்பு அஞ்சலோட்டம். இங்கே இல்லம் கிடையாது, கொட்டகை கிடையாது, வர்ணக் கடதாசி கிடையாது. புல்வெளி ஓரத்தில் நின்று அவரவர் "ஹொப், ஹொப்" என்று அவரவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வகுப்புப் பெண் கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். எனக்கு எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோயிற்று. பக்கத்தில் உட்காருவதற்குப் போட்டிருந்த வாங்கில் ஏறினேன். என்னிடமிருந்த முழுத் தொண்டையாலும் "கோப்பை ஆருக்கு?" என்று கத்தினேன்.

பதில் வரவில்லை. எப்படி வரும்? ஆனால் பதில் வராவிட்டால் இன்னும் பலமாகக் கேட்க வேண்டும் என்று பழகிய உடம்பு. இரண்டாம் முறையும் கத்தினேன். அதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். வாங்கை விட்டு இறங்கினேன். அதன் பிறகு என் குரல் எவ்வளவு சிறுத்துப் போனதென்றால், நான் ஏதாவது சொன்னால் வகுப்பு ஆசிரியர் காதைக் கையால் குவித்துக்கொண்டு என் பக்கம் குனிவார்.

அந்த வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. கேலி செய்தார்கள், தள்ளிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இடைவேளை மணி அடித்தால் முற்றத்தில் இரண்டு பேரும் மூன்று பேருமாகச் சேர்ந்து நிற்பார்கள். நான் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன். பிறகு சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வருவேன். பிறகு இன்னொரு முறை தண்ணீர் குடிப்பேன். ஏதோ அலுவலாகப் போய் வருகிற ஆள் மாதிரி நடக்கப் பழகிக்கொண்டேன். அவ்வளவு தண்ணீர் குடித்த பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஆனி மாதத்தில் அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒரு விழா. கடைகளைப் பூட்டிவிடுவார்கள். ஊரிலுள்ள எல்லா வகுப்புகளும் வாத்தியக் குழுக்களோடு பிரதான வீதியால் ஊர்வலம் போகும். பெண் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், இருவர் இருவராக, பூவால் சுற்றிய ஒரு வளைவை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு போவார்கள். பின்னேரம் புல்வெளியில் அதே வளைவுகளைச் சிலர் தூக்கி வரிசையாக நிற்க, மற்றவர்கள் சோடி சோடியாகக் குனிந்து உள்ளால் ஓடுவார்கள். மாதக்கணக்காக மற்றவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஜெர்மன் எனக்கு ஓரளவு விளங்கத் தொடங்கியிருந்தது. வளைவுக்குச் சோடி பார்த்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை பெயர்களைச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் சொன்னதும் விளங்கியது.

வளைவை ஒருத்தி தனியாகப் பிடிக்க முடியாது. எனக்குத் தேவைப்பட்டது அந்த மறுமுனைக்கு ஓர் ஆள். அந்தக் கிழமை முழுவதும் நான் வேறொன்றையும் நினைக்கவில்லை.

என் வாங்கில் பக்கத்தில் இருந்தவள் ஒரு பால்பண்ணைக்காரரின் மகள். நல்லவள். அழிறப்பர் தருவாள், நான் கணக்கில் சிக்கினால் தன் கொப்பியைச் சற்று என் பக்கம் தள்ளி வைப்பாள். அவளிடம் கேட்பதென்று முடிவு செய்தேன். "நீ என்னோடு வளைவு பிடிக்கிறாயா?" என்ற ஒரே வசனத்தை ஜெர்மனில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் கேட்டேன். வசனம் பிழையில்லாமல் வந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, சித்தப்பாவின் மகளோடு எப்போதோ பேசியாகிவிட்டது என்றாள். உண்மையாகத்தான் இருக்கும். சிற்றூர்களில் அப்படித்தான். அவர்கள் எல்லோருக்கும் சோடி, பிறந்தபோதே தொட்டிலுக்குப் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. வகுப்பில் பெண்களின் எண்ணிக்கையும் ஒற்றைப்படை. நான் வருவதற்கு முன் அது சரியாக இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை சோடிகளின் பெயர்கள் சொல்லி முடிந்தன. ஆசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, முகம் பிரகாசமாகி, வகுப்பின் பெயர்ப்பலகையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், நீ பிடிக்கிறாயா என்று மெதுவான ஜெர்மனில் கேட்டார். ஒரு தடி, அதன் நுனியில் வகுப்பின் இலக்கம் எழுதிய ஓர் அட்டை. வழக்கமாக அதைக் கால் சுளுக்கியவர்களோ, வளைவில் வேலையில்லாத பெடியன்களோ பிடிப்பார்கள். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால் அழுகை கூடுதலாக வந்தது. தலையாட்டினேன்.

வீட்டில் அதைச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் உடுப்புக்காகச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளை என்று கேட்டதும் அம்மா பெட்டியைத் திறந்துவிட்டா. "நான் அப்பவே சொன்னனான் தானே. பள்ளிக்கூடம் எண்டால் வெள்ளைதான்."

"நீ என்ன செய்யிறாய் பிள்ளை ஊர்வலத்திலை?" என்று அப்பா கேட்டார்.

"வகுப்புப் பலகை பிடிக்கிறன்."

அப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னுக்கோ?"

"ஓம் அப்பா. முன்னுக்குத்தான்."

"தனியவோ?"

"ஓம். தனிய."

யாழ்ப்பாணத்தில் அணிநடையில் இல்லத்தின் பலகையைப் பிடித்து முன்னால் போகிறவள் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிற, நல்ல உயரமான, ஆசிரியைமார் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கிற பிள்ளை. அப்பாவின் மகள் ஒரு நாளும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. கதிரையில் ஏறிக் கத்துவதோடு சரி. அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சாரும், கேட்டீரோ? வந்து ஒரு வருசம் ஆகேல்லை. எங்கடை பிள்ளையைத்தான் முன்னுக்கு விட்டிருக்கினம்."

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? அடுத்த நாள் குசினி முழுவதற்கும் தெரியும். மூன்று அண்ணாமாரும் விழாவன்று வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்பா இரண்டு நாளாகச் சீழ்க்கையடித்துக்கொண்டு திரிந்தார். நாட்டை விட்டு வந்த பிறகு அவர் சீழ்க்கையடித்து நான் கேட்கவில்லை. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு, அப்பா, எனக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் பலகை என்று சொல்ல எந்தப் பிள்ளையால் முடியும்? என்னால் முடியவில்லை.

மற்றப் பெண்கள் வளைவுக்கு வீட்டுத் தோட்டத்திலிருந்து பூ கொண்டுவர வேண்டும். நாங்கள் இருந்தது ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில். பூவுக்கு எங்கே போவது? அம்மா வர்ணக் கடதாசி வாங்கி வந்து, இல்ல அலங்காரத்துக்குச் செய்வதுபோலச் சுருட்டி, நூல் கட்டி, பச்சையும் சிவப்புமாக ஒரு பை நிறையப் பூ செய்து தந்தா. வளைவுகள் எல்லாம் டெய்சிப் பூவும் ரோசாவுமாக மணத்துக்கொண்டிருக்க, நான் பையைத் திறக்காமல் நின்றேன். ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். "அழகு" என்றார். தன் கையாலேயே பலகையைச் சுற்றி ஒட்டிவிட்டார்.

ஊர்வலம் காலையில் தொடங்கியது. முன்னால் வாத்தியக் குழு ஒன்று, அதற்குப் பின்னால் சின்ன வகுப்புகள், பிறகு நாங்கள். வகுப்புக்கு முன்னால் சற்று இடைவெளி விட்டு நான். கழுத்துப் பட்டியும் இரட்டைப் பின்னலும் ரிபனும். எனக்குப் பின்னால் லேஸும் சுருக்குமாக வெள்ளைப் பாவாடைகள், தலையில் பூ முடிகள். அவர்கள் கதைத்துக்கொண்டு, வீதியோரத்தில் நிற்கிற அத்தைமாருக்குக் கையசைத்துக்கொண்டு, சந்தைக்குப் போவதுபோல நடந்தார்கள். எனக்கு அப்படி நடக்கத் தெரியாது. பலகை என்றால் அணிநடை. முரசுச் சத்தம் கேட்டதும் கால் தானாக இடம் வலம் போட்டது. நாடி நிமிர்ந்தது. நகரசபை வாசலில் ஊர்ப் பெரியவர்கள் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். அந்த இடம் வந்ததும், யாழ்ப்பாணத்தில் பிரதம விருந்தினருக்குச் செய்வதுபோல, கழுத்தை வலப்பக்கம் வெட்டித் திருப்பிப் பலகையைச் சரித்து மரியாதை செய்தேன். ஒரு கிழவர் திடுக்கிட்டு எழுந்து தன் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அரைகுறையாக எழுந்தார்கள். எனக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பலகை பிடிக்கிறவள் திரும்பக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது. கடதாசிப் பூக்களின் சாயம் கரைந்து தடியால் இறங்கி என் கைக்கு வந்தது. பிறகு சீருடையின் கைக்குப் போனது. பச்சையும் சிவப்பும். மற்றவர்களின் பூவெல்லாம் மழையில் இன்னும் வடிவாக இருந்திருக்கும்.

வெதுப்பகத்துக்குப் பக்கத்தில், வீதியோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் மூன்று அண்ணாமாரும் நின்றார்கள். அப்பா கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டோடு நின்றார். சனங்கள் குடை பிடித்துக்கொண்டு அளவாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே வந்ததும் அப்பா இரண்டு கையையும் வாயில் குவித்து, "கோப்பை ஆருக்கு?" என்று கத்தினார்.

"எங்களுக்கு" என்று மூன்று அண்ணாமாரும் கத்தினார்கள்.

வீதியே திரும்பிப் பார்த்தது. அப்பா விடவில்லை. மறுபடியும் கேட்டார், அவர்கள் மறுபடியும் சொன்னார்கள். ஒருவர் கையில் குசினியிலிருந்து கொண்டுவந்த ஒரு சட்டி மூடியும் கரண்டியும் இருந்தன. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. அதே நேரம், வந்த புதிதில் வாங்கில் ஏறி நான் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போதுதான் வந்திருந்தது. ஆனால் அவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள், நான் இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கையில் பலகை. நின்று அழக்கூட முடியாது. இடம் வலம் போட்டுக்கொண்டு கடந்து போனேன்.

பின்னேரம் மழை விட்டது. பலகைகளை வாங்கி உடற்பயிற்சி மண்டபத்துக்குப் பின்னால் சாத்திவிட்டார்கள். புல்வெளியில் வளைவுகள் எழும்பின. நான் அப்பா ஆட்களோடு போய் நின்றேன். அம்மா ரின்னில் கொண்டுவந்த வடையை எல்லோருக்கும் கொடுத்தா. இசை தொடங்கியது. சோடி சோடியாகப் பிள்ளைகள் வளைவுகளுக்குக் கீழால் ஓடினார்கள். அப்பா என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ போகேல்லையோ பிள்ளை?"

"பலகை பிடிச்ச ஆக்கள் அதுக்குப் போறேல்லை, அப்பா. அதுதான் இஞ்சத்தை முறை."

அப்பா அண்ணாமாரின் பக்கம் திரும்பினார். "தலைவர்மார் உதுக்குப் போறேல்லையாம்" என்று விளக்கினார். அவர்களும் ஓம் அண்ணை, ஓம் என்று தலையாட்டினார்கள். அந்த நேரம் ஆசிரியர் அந்தப் பக்கமாக வந்து, உங்கள் மகள் மிக நன்றாக நடந்தாள் என்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்பாவிடமிருந்த ஜெர்மன் எல்லாம் குசினி ஜெர்மன். "டாங்கே, ஷெஃப், டாங்கே" என்று முதலாளிக்கு நன்றி சொல்வதுபோலவே கையை விடாமல் குலுக்கினார்.

நடனம் முடிந்தபின் பால்பண்ணைக்காரரின் மகள் மூச்சு வாங்க என்னிடம் வந்தாள். உன் பலகையிலிருந்து ஒரு பூ எடுக்கலாமா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் ஓடிப்போய் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்து, சிவந்துபோன உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள். பிறகு தன் சோடியிடம் ஓடிவிட்டாள். அந்தக் கோடையில் நாங்கள் இருவரும் கதைத்ததில் அதுதான் நீளமான கதை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்கு நாவூறு கழித்தா. உப்பையும் செத்தல் மிளகாயையும் என் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தவ, சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டா. "மற்றப் பிள்ளையள் எல்லாம் இரண்டிரண்டாய் வந்தினம். உனக்குப் பக்கத்திலை ஒருத்தரையும் விடேல்லையோ?"

"பலகைக்கு ஒராள் காணும் தானே அம்மா."

அம்மா இன்னும் ஒரு பிடி உப்பை எடுத்துச் சுற்றி மின்னடுப்பில் போட்டா. எல்லோரும் இருமினோம். சீருடையின் கையில் பிடித்த சாயம் பிறகு எத்தனை தோய்த்தும் போகவில்லை.

அந்தக் கதையை அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறந்தநாள் வீடுகளில் சொன்னார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். வந்த முதல் வருடமே சுவிஸ்காரரின் ஊர்வலத்தில் முதல் ஆளாக விடப்பட்ட பிள்ளை, நகரசபைக்காரர் எழுந்து நின்று தொப்பி கழற்றிய பிள்ளை. நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொல்லச் சொல்ல அது எனக்கே நல்ல கதையாகத்தான் இருந்தது. அதற்குள் தண்ணீர்க் குழாய் வராது, சைக்கிள் நிறுத்துமிடம் வராது.

என் மகளும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவளுக்குப் பத்து வயதான ஆனி மாதம், அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் அதே வெதுப்பகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. வாத்தியக் குழு போனது, சின்ன வகுப்புகள் போயின. மகளின் வகுப்பு வந்தது. முன்னால் பலகையோடு கையில் மாக்கட்டுப் போட்ட ஒரு பெடியன். பின்னால் வளைவுகளுக்கு நடுவே என் மகள். மறுமுனையைப் பிடித்திருந்தவள் அவளுடைய உயிர்ச் சிநேகிதி. இருவரும் கதைத்த கதையில் வளைவு ஒரு பக்கம் சரிந்து பூ கொட்டிக்கொண்டு வந்தது. எங்களைக் காணக்கூட இல்லை.

அப்பா கழுத்தை நீட்டித் தேடினார். "எங்கை இவள்? முன்னுக்கு இல்லையோ?"

"இல்லை அப்பா. நடுவிலை நிக்கிறாள். சிநேகிதியோடை வளைவு பிடிச்சுக்கொண்டு."

அவருடைய முகம் வாடியது. கயிற்றைப் பிடித்திருந்த என் கையின்மேல் தன் கையை வைத்து, என்னைத் தேற்றுவதுபோல இரண்டு முறை தட்டினார்.

"பாவம் பிள்ளை" என்றார். "கூட்டத்தோடை கூட்டமாய் விட்டிட்டினம்."

"ஓம் அப்பா" என்றேன்.